தமிழ் கேட்கத் தமிழனுக்குக் கட்டணமா?

தமிழாய்வு மாநாடு நடக்கும் மண்டபத்தின் வாயிலில் இன்று முதலில் கண்ணிற் படுவது கட்டணம் தண்டும் மேசை. பேராளர்க்கு ஒரு தொகை. ஆய்வு மாணவர்க்கு ஒரு தொகை. கட்டுரையைத் தொகுப்பிற் சேர்க்க ஒரு தொகை. நேரில் வாராமலே சான்றிதழ் பெற விழைவார்க்கு மற்றொரு தொகை! சந்தைக்குள் நுழைந்துவிட்டோமோ என்று ஐயுற்றுத் தலைதூக்கிப் பார்த்தால், மேலே தொங்கும் துணியில் ‘பன்னாட்டுத் தமிழாய்வு மாநாடு’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறது. பணமுடையார் உள்ளே செல்கின்றனர். இல்லார் வாயிலோடு திரும்புகின்றனர். தமிழைப் பேசவும் கேட்கவும் தமிழனிடமே விலை கேட்கும் இந்நடைமுறையை யார் வகுத்தது? எந்த அறத்தின்படி வகுத்தது? தமிழன்பர்களே, இவ்வினாவை இனியும் தள்ளிப்போட வேண்டா.

நம் முன்னோர் வழக்கம் இதற்கு நேர்மாறானது. முரசுகட்டிலென்று அறியாமல் அதன்மேற் படுத்துறங்கிவிட்ட மோசிகீரனார்க்குத் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை தன் கையாலேயே கவரி வீசினான். உயிர்க்குற்றமாகத் தக்க பிழையைப் புலமைக்காகப் பொறுத்த மன்னன் அவன். பத்துப்பாட்டுள் சரிபாதி ஆற்றுப்படை. பரிசில் பெற்று வருவோன், வறுமையோடு எதிர்வரும் பாணனையோ பொருநனையோ கூத்தனையோ கண்டு, ‘இவ்வழியே செல், இன்னாரைக் காண், இன்னது பெறுவாய்’ என்று வழிகாட்டுவதையே தனியோர் இலக்கிய வகையாக வளர்த்த இனம் நம்மினம். புலவன் அவைக்கு வந்தால் அவைதான் அவனுக்குக் கொடுத்தது. அவனிடம் அவை வாங்கவில்லை. இன்றைய மாநாட்டுக் காரரோ ஆற்றுப்படையைத் தலைகீழாக்கிவிட்டனர். ‘இவ்வங்கியிற் பணங்கட்டு, சீட்டின் படியை அனுப்பு, பின்னர் வா’ என்பதே இக்கால ஆற்றுப்படை!

இது வெறும் பழம்பெருமைப் பேச்சன்று. இப்பின்னலாடை வட்டாரத்தில் யான் அறிந்த இளைஞர் ஒருவர், பகலில் பனியன் நிறுவனத்தில் தைத்துக்கொண்டே அஞ்சல்வழியில் தமிழ் முதுகலை பயின்றவர். தம்மோடு வேலை செய்வார் வாயில் வழங்கும் தொழிற்சொற்களையெல்லாம் ஈராண்டு முயன்று திரட்டி, அவற்றுள் எவை தமிழ், எவை பிறமொழி, எவற்றுக்கு மக்களே தமிழ்ச்சொல் ஆக்கிக்கொண்டனர் என்று வகைப்படுத்திக் கட்டுரையாக்கினார். அதனை ஒரு கருத்தரங்கிற்கு அனுப்பினார். கட்டுரை ஏற்கப்பட்டதாக விடை வந்தது. கூடவே கட்டண விளக்கமும் வந்தது. பதிவுக்கு 1,200 உருபா. தொகுப்பு நூலுக்கு 800 உருபா. பேருந்துச் செலவும் இரவு தங்கும் செலவும் தனி. இவற்றோடு மூன்று நாள் வேலைக்குப் போகாமையால் இழக்கும் கூலியையும் கூட்டிப் பார்த்தார். ஏறத்தாழ இரண்டு கிழமைக் கூலி! அவர் போகவில்லை. அதே அரங்கில், முன்பு வந்த நூல்களிலிருந்து பத்தி பத்தியாக எடுத்தொட்டிய கட்டுரைகள் பல, பணங்கட்டிய ஒரே தகுதியால் அரங்கேறின. இழப்பு அவ்விளைஞர்க்கா, தமிழுக்கா?

இந்நோயின் வேர் எங்கேயுள்ளது என்பதையும் காட்டுவோம். கருத்தரங்கிற் கட்டுரை படிப்பதற்கும் மதிப்பெண் உண்டென்று பல்கலைக்கழக நல்கைக் குழு 2010ஆம் ஆண்டு விதிமுறைகளில் வகுத்தது. பதவி உயர்வுக்கும் பணியமர்த்தத்திற்கும் அம்மதிப்பெண் கணக்கிடப்பட்டது. ஆய்வு வளரட்டும் என்பதற்காக வகுத்த விதி, சான்றிதழ் வாணிகத்திற்கு வாயில் திறந்துவிட்டது. கட்டுரை படித்தற்குச் சான்று, பன்னாட்டு நூலெண் இட்ட தொகுப்பில் இடம், ஒரு தோள்பை, ஒரு வேளை உணவு, ஒரு குழுப்படம் – இவ்வளவும் சேர்ந்ததே ஒரு கருத்தரங்கு என்றாகிவிட்டது. அயல்நாட்டார் ஒருவரோ இருவரோ மேடையில் அமர்ந்துவிட்டால் அது ‘பன்னாட்டு’க் கருத்தரங்கு, கட்டணமும் அதற்கேற்ப ஏறும். நிலையான பணியும் நிறைவான ஊதியமும் உடைய பேராசிரியர்க்கு இக்கட்டணம் பெரிதாகத் தோன்றாது. உதவித்தொகையில்லா ஆய்வு மாணவர்க்கும், ஆண்டுக்காண்டு பணி நீளுமா என்று காத்திருக்கும் விரிவுரையாளர்க்கும், சிற்றூர்ப் பள்ளித் தமிழாசிரியர்க்கும் அது வயிற்றிலடிக்கும் செலவு. எவர்க்கு அச்சான்றிதழ் மிகவும் தேவையோ அவர்க்கே அது மிகவும் விலையுயர்ந்தது!

உள்ளூர்க் கருத்தரங்கே இவ்வாறென்றால் உலக மாநாடுகளின் நிலை என்ன? தனிநாயக அடிகளாரும் பிற அறிஞரும் 1964இல் தில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தைத் தோற்றுவித்தனர். அதன் முதன் மாநாடு 1966இல் கோலாலம்பூரில் நடந்தது. பின்னர்ச் சென்னை 1968, பாரிசு 1970, யாழ்ப்பாணம் 1974, மதுரை 1981, மீண்டும் கோலாலம்பூர் 1987, மொரீசியசு 1989, தஞ்சை 1995, மூன்றாம் முறையாகக் கோலாலம்பூர் 2015, அமெரிக்கச் சிகாகோ 2019 என முதற்பத்து மாநாடுகளும் அமைந்தன. பத்தில் மூன்றே தமிழ்நாட்டில்! அம்மூன்றில் இறுதியானது 1995இல் நடந்த தஞ்சை மாநாடு. 2023 சூலையிலும் கோலாலம்பூரிலேயே ஒரு மாநாடு நடந்தது.

சிகாகோ மாநாட்டுக்குப் போக விரும்பிய ஓர் ஊர்ப்புலவரின் செலவை எண்ணிப் பாருங்கள். கடவுச்சீட்டு இல்லையெனில் அதற்கு 1,500 உருபா. நுழைவிசைவுக்கு 160 அமெரிக்க டாலர். அன்றைய மாற்று மதிப்பில் ஏறத்தாழ 11,000 உருபா. இசைவு மறுக்கப்பட்டாலும் அப்பணம் திரும்பாது. நேர்காணலுக்குச் சென்னைக்குப் போய்வரும் செலவு வேறு. இவ்வளவும் இன்னும் வானூர்திச் சீட்டு வாங்குவதற்கு முன்! அச்சீட்டுக்கும் விடுதிக்கும் ஆகும் தொகையோ இவையனைத்தையும் பன்மடங்கு விஞ்சும். தமிழாய்வை ‘உலக’ அளவில் அரங்கேற்ற வேண்டுமெனில் ஒருவர் முதலில் செல்வராகப் பிறந்திருக்க வேண்டும். அல்லது அரசின் அன்புக்கு உரியவராக இருத்தல் வேண்டும். புலமை மூன்றாவதாகத்தான் கேட்கப்படும்.

அயல்நாட்டுத் தமிழர்மேல் எமக்கு எள்ளளவும் காய்ப்பில்லை. தோட்டத்திலும் துறைமுகத்திலும் வியர்வை சிந்திய மலேசியத் தமிழரும், தாய்மொழி நாவிலிருந்து நழுவிய பின்னும் அதன் பெயரை நெஞ்சிற் காத்த மொரீசியசுத் தமிழரும், பனிநாட்டிற் பிள்ளைகட்குத் தமிழ்ப்பள்ளி நடத்தும் அமெரிக்கத் தமிழரும் தம் ஊரில் மாநாடு காண முழுவுரிமை உடையவர். எம் வினா வேறு. அங்குப் போக இயலாதார்க்காக இங்கு எவ்வமைப்பு இருக்கிறது? அவ்வரங்குகளிற் படிக்கப்பட்ட கட்டுரைகளைத் தாராபுரத்திலோ காங்கயத்திலோ உள்ள ஒரு தமிழாசிரியர் காசின்றிப் படிக்க எவர் வழி செய்தார்?

மாநாடு மக்களுடையதாக இருந்தால் எப்படியிருக்கும் என்பதற்கு யாழ்ப்பாணமே சான்று. 1974 சனவரியில் நான்காம் மாநாட்டைக் கொழும்பில் நடத்துமாறு அரசு வற்புறுத்தியும், தம் மண்ணிலேயே நடத்துவோமென்று ஈழத்தமிழர் உறுதி பூண்டனர். ஊரார் தம் கையாலேயே தெருக்களை அணிசெய்தனர். இறுதிநாளாகிய சனவரி 10ஆம் பக்கல், வீரசிங்க மண்டபத்தின் முன்னே திரண்ட மக்கட்கடல்மேல் காவலர் பாய்ந்தனர்; மின்கம்பி அறுந்து வீழ்ந்து உயிர்கள் பலியாயின. அங்கு நின்றோருள் எத்துணைப் பேர் ஆய்வுக் கட்டுரை எழுதியவர்? தமிழைப் பற்றி அறிஞர் பேசுவதைக் கேட்கவேண்டும் என்னும் ஒரே வேட்கையால் வந்த உழவரும் தொழிலாளரும் மாணவருமே அவர்கள். தமிழ் கேட்க வந்து உயிரைக் கொடுத்தவர் வழிவந்த நாம், இன்று தமிழ் கேட்க வருவோரிடம் பணம் கேட்கின்றோம்!

மதுரை மாநாட்டையும் நினைவூட்டுவோம். 1981 சனவரியில் அம்மாநாட்டில் உரையாற்றிய சில நாள்களிலேயே மொழிஞாயிறு பாவாணர் இயற்கை எய்தினார். வாழ்நாள் முழுவதும் வறுமையோடு பொருதுகொண்டே தமிழின் வேரைத் தோண்டிக் காட்டிய அப்பெருமகனாரிடம், ‘ஐயா, பதிவுக் கட்டணம் செலுத்திவிட்டீர்களா?’ என்று ஒருவர் கேட்டிருப்பின் நம் நெஞ்சு பொறுத்திருக்குமா? இன்றும் எங்கோ ஒரு சிற்றூரில் வறுமையில் வாடும் ஒரு புலமையாளரிடம் அவ்வினா கேட்கப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது. அவர் பெயர் நமக்குத் தெரியாததால் நமக்கு வலிக்கவில்லை, அவ்வளவே.

இனி நம் வாயிலுக்கே வந்த மாநாட்டைப் பார்ப்போம். 2010 சூன் 23 முதல் 27 வரை கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தது. திருப்பூரிற் பேருந்தேறினால் ஒன்றரை மணிக்குள் போய்ச் சேரும் ஊர். ஆய்வாளர்க்குப் போதிய காலம் வேண்டுமென்று, தமிழாராய்ச்சி மன்றத் தலைவராயிருந்த சப்பானியப் பேரறிஞர் நொபொரு கராசிமா கேட்டார். காலம் தர ஆட்சியாளர்க்கு மனமில்லை. அதனால் மன்றத்தின் மாநாடாக அமையாமல் வேறு பெயரில் அது நடந்தேறியது. முள்ளிவாய்க்காலில் நம்மினம் அழிக்கப்பட்டு ஓராண்டே கடந்திருந்த வேளையில் நடந்த அவ்விழாவின் பொருத்தம் பற்றி ஈண்டு விரிக்கவில்லை. கூலியாளர் கணக்கை மட்டும் சொல்கின்றோம். ஐந்து நாளில் பனியன் தொழிலாளியின் கிழமை ஓய்வுக்குரியது இறுதி ஞாயிறு ஒன்றே. ஊர்வலத்தையும் கண்காட்சியையும் பார்க்க மக்கள் வெள்ளமெனத் திரண்டனர். ஆய்வரங்கோ பேராளர்க்குரியது. மக்களுக்கு வேடிக்கை, அறிஞர்க்கு ஆய்வு! இப்பிரிவினையைத்தான் யாம் எதிர்க்கின்றோம். அரசு செலவழித்தால் வேடிக்கை காட்டுகிறது. கல்லூரி நடத்தினால் கட்டணம் கேட்கிறது. இரண்டிலும் தமிழ் மக்கட்கு ஆய்வு கிட்டுவதில்லை.

இதனால் தமிழுக்கு நேரும் கேட்டைத் திருப்பூர்த் தெருவிலேயே காணலாம். ஆண்டுக்கு முப்பதாயிரங் கோடி உருபாவுக்கும் மேல் ஏற்றுமதி செய்யும் இத்தொழிலில், காலையிலிருந்து இரவுவரை தமிழர் வாயில் புழங்கும் சொற்கள் எவை? ‘சிப்டு’, ‘பீசுரேட்டு’, ‘கட்டிங்கு’, ‘செக்கிங்கு’, ‘ஓவர்லாக்கு’, ‘பவர்டேபிள்’! நடுவே, எவரும் குழு அமைத்து ஆக்காமல், வேலை செய்யும் கைகளே ஆக்கிய சொற்களும் உயிரோடிருக்கின்றன. தைப்பவர்க்குப் பக்கத்திலிருந்து துணியை மடித்துக் கொடுப்பவர் கைமடி. நீட்டிக்கொண்டிருக்கும் நூலை நறுக்குவது பிசிறு வெட்டுதல். சாயப்பட்டறை, சலவைப்பட்டறை என்பனவும் அத்தகையனவே. இச்சொற்களைக் கேட்டறிந்து, இம்முறையிலேயே பிறசொற்களுக்கும் தமிழாக்கம் காண வேண்டிய கலைச்சொல் அரங்குகள், குளிர்ப்பதன அறைக்குள், ஊசியைத் தொட்டறியாதவர் நடுவே நடக்கின்றன. அங்கே ஆக்கப்படும் சொல் தொகுப்பு நூலிற் பிறந்து தொகுப்பு நூலிலேயே இறக்கிறது. சொல்லை ஆள வேண்டியவன் வாயிலுக்கு வெளியே நிற்கும்போது அச்சொல் எவ்வாறு வாழும்? தனித்தமிழ் இயக்கத்திற்கு இதைவிடப் பெரிய இழப்பு யாது? நுழைவுக் கட்டணம் மக்களை மட்டும் தடுக்கவில்லை. தமிழ்ச்சொல் மக்களிடம் போய்ச் சேரும் வழியையே தடுத்துவிட்டது.

‘ஆய்வு கூலியாளர்க்கு எதற்கு? அவர்க்கு விளங்குமா?’ என்று மூக்கைச் சுளிப்பாரும் உளர். அவர்கள் நொய்யற் கரையிலுள்ள கொடுமணலுக்குச் சென்று பார்க்கட்டும். பதிற்றுப்பத்து கொடுமணம் எனக் குறிக்கும் அவ்வூரில் 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் முதலானோர் அகழ்ந்தனர். இரும்புருக்கிய உலைகளும் மணிக்கற்களைப் பட்டை தீட்டிய பட்டறைகளும் வெளிப்பட்டன. அவற்றோடு, தமிழி எழுத்திற் பெயர் பொறித்த பானையோடுகள் நூற்றுக்கணக்கிற் கிடைத்தன. ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னரே உலைக்களமும் எழுத்தும் ஓரூரில் ஒருங்கிருந்தன. உழைப்பும் கல்வியும் வெவ்வேறு குலத்தார்க்குரியன என்பது வந்தேறிய கோட்பாடு. இந்நொய்யற் கரையின் கோட்பாடன்று. இற்றைத் தொழிலாளியும் கணக்கறியாதவன் அல்லன். பஞ்சப்படிக்காக 1984இல் 127 நாள் வேலைநிறுத்தம் செய்த ஊர் இது. தன் கூலியின் ஒவ்வொரு காசையும் போராடிப் பெற்றவனிடம், அதை எண்ணாமல் கொடுத்துவிட்டு உள்ளே வா என்பது கொடுமையன்றோ?

‘மண்டபத்திற்கும் உணவிற்கும் பணம் வேண்டாவா?’ என்பது அடுத்த மறுப்பு. வேண்டும், ஆனால் எதற்கு எவ்வளவு என்பதே வினா. பொன்னாடைக்கும் நினைவுப் பரிசுக்கும் வண்ண அழைப்பிதழுக்கும் அமைச்சர் வரவேற்பு வளைவுக்கும் ஆகும் செலவை நீக்கிவிட்டுக் கணக்குப் பாருங்கள். திருமண மண்டபங்களுக்குப் பஞ்சமில்லா ஊர்கள் நம்மூர்கள். வந்தவர்க்குச் சோறிட்டு வீட்டிலேயே தங்கவைப்பது நம் மக்கட்குப் புதிதா?

தொழிலதிபர்களே இவ்வகையில் நமக்கு வழிகாட்டியுள்ளனர். அயல்நாட்டுக் கண்காட்சிகட்குப் பெரும்பொருள் செலவிட்டுப் போய்வர எல்லாராலும் இயலாது என்றறிந்து, திருப்பூரை அடுத்த திருமுருகன்பூண்டியிலேயே பின்னலாடைக் கண்காட்சி வளாகம் அமைத்தனர். வாங்குவோரைத் தம்மூர்க்கே வரவழைத்தனர். சிறு நிறுவனத்தாரும் வாயிலடியிலேயே வாணிகம் பேச முடிந்தது. துணி விற்பார்க்குத் தெரிந்த இவ்வறிவு தமிழ் வளர்ப்பார்க்கு ஏன் தோன்றவில்லை? மாநாட்டைத் தேடி மக்கள் போக வேண்டுமென்பதை விடுத்து, மக்களைத் தேடி மாநாடு வரட்டுமே!

‘இப்போது இணையவழியிலேயே கேட்கலாமே’ என்பாரும் உண்டு. 2020இல் கொள்ளைநோய் ஊரடக்கிய காலத்தில் இணையவழிக் கூட்டங்கள் பெருகின, செலவின்றிப் பலர் கேட்டனர், அது நன்றே. ஆனால் நோய் தணிந்ததும் பலர் பழைய மேசையை மீண்டும் வாயிலிற் போட்டுவிட்டனர். இணையவழிச் சான்றிதழுக்குங்கூடக் கட்டணம் வைத்தாருமுளர். மேலும், திரைவழியே கேட்போன் கேட்டுவிட்டுப் போவான். அவன் குறுக்கே ஒரு வினாத் தொடுக்கவும், இடைவேளையில் ஓர் அறிஞரிடம் தன் ஐயத்தைச் சொல்லவும், தன் ஓலையை நேரிற் காட்டவும் அங்கு இடமில்லை. பணமுடையானுக்கு நேர்முகம், இல்லானுக்குத் திரைமுகம் என்றால் அதுவும் ஒருவகைத் தீண்டாமையே. இணையம் துணையாகட்டும், நேரிற் கூடும் உரிமைக்கு மாற்றாக வேண்டா.

எளியார் காசில் பெரியன செய்யலாம் என்பதற்கு நம் இயக்கமே சான்று. பாவாணர் தோற்றுவித்த உலகத் தமிழ்க் கழகம் 1969 திசம்பரில் தன் மாநாட்டைப் பறம்புக்குடியில் நடத்தியது. தலைநகரைத் தேடிப் போகவில்லை. செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலிப் பணிக்காகப் பாவலரேறு பெருஞ்சித்திரனார் தென்மொழி வழியாகத் திங்கள்தோறும் சிறுதொகை தரும் அன்பர்களைத் திரட்டினார். அன்றும் மக்களிடம் பணம் பெறப்பட்டது; ஆனால் அது மனமுவந்து தந்த கொடை, எவரையும் வாயிலில் நிறுத்தாத கொடை. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தார் தன்னார்வ உழைப்பாலேயே பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றி, உலகிலுள்ள எவரும் காசின்றிப் படிக்க வைத்தனர். கொடைக்கும் கட்டணத்திற்கும் உள்ள வேறுபாடு இதுவே: முன்னது கதவைத் திறக்கிறது, பின்னது அடைக்கிறது.

ஆகலின் யாம் கேட்பன இவை. தமிழாய்வு அரங்கிற் கட்டுரை படிப்பாரிடம் கட்டணம் பெறுதல் அடியோடு ஒழிய வேண்டும். கேட்போர்க்கு வாயில் திறந்திருக்க வேண்டும். அரசுப் பொருளுதவி பெறும் எந்த மாநாடும், படிக்கப்படும் கட்டுரைகள் அனைத்தையும் முன்கூட்டியே இணையத்தில் காசின்றி வெளியிட வேண்டும்; வரவு செலவுக் கணக்கையும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். உலக மாநாடு எங்கு நடப்பினும், அதன் தொடர் அமர்வொன்று தமிழ்நாட்டின் தொழிலூர் ஒன்றில், தொழிலாளர்க்கு ஓய்வுள்ள ஞாயிற்றுக்கிழமையில் நடக்க வேண்டும். கலைச்சொல் ஆக்கும் எந்தக் குழுவிலும் அத்தொழிலைச் செய்வார்க்கு இருக்கை வேண்டும். இவ்வளவே வேண்டுகோள், இவற்றுள் ஒன்றுக்கேனும் ஆட்சியாளர் புதிதாகக் கருவூலத்தைத் திறக்க வேண்டியதில்லை.

தமிழன்பர்களே! அரசும் பல்கலைக்கழகமும் மனம் மாறும்வரை நாம் கைகட்டி இருக்க வேண்டா. உங்கள் ஊரில் ஒரு மண்டபத்தைக் கேளுங்கள், காரிக்கிழமைக் கூலி பெற்று இளைப்பாறும் மறுநாட் காலையில், இரண்டு கட்டுரையாளரை அழையுங்கள், வந்தவர்க்குச் சோறிடுங்கள், பேசுவார்க்கு வழிச்செலவு கொடுங்கள். கைமடிக்கும் பெண்ணும் சாயப்பட்டறை இளைஞரும் முன்வரிசையில் அமரட்டும். வாயிலில் மேசை போடாதீர்கள். கட்டணம் கேட்கும் அரங்கிற்கு உங்கள் கட்டுரையை அனுப்பாதீர்கள். தலைமை தாங்க அழைத்தால், ‘வாயில் திறந்தபின் வருகிறேன்’ என்று எழுதிவிடுங்கள். பெயர்பெற்ற பத்துப் பேராசிரியர் இவ்வாறு மறுத்துவிட்டால் பதினோராவது மாநாட்டில் அம்மேசை இராது. தமிழ் எவர்க்கும் விலைப்பொருளன்று. அதன் அவை எவர்க்கும் அடைபடலாகாது!